பங்கும் பாய்ச்சலும்: காவிரித் தீர்ப்புகள் பற்றி ஒரு திறனாய்வு

நூலைத் திறனாய்வது போலவே தீர்ப்பையும் திறனாயலாம். தீர்ப்புக்கும் ஆசிரியர் உண்டு; அவர் கொண்ட கருத்து உண்டு; அவர் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-இல் அளித்த இறுதித் தீர்ப்பையும், அதனைத் திருத்தி இந்திய உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் வழங்கிய தீர்ப்பையும் அவ்வாறு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யார் வென்றார், யார் தோற்றார் என்னும் கணக்கு நமக்கு வேண்டா. அது நாளிதழின் முதற்பக்கத்திற்கு உரியது. ஆறு என்பது எத்தகைய பொருள் என்று இத்தீர்ப்புகளை எழுதியோர் கருதினார்கள்? அதுவே நம் கேள்வி.

மலாக்காவில் வாழும் நமக்குக் காவிரி எதற்கு என்று ஆசிரியர் சிலர் கேட்கக்கூடும். நம் தோட்டங்களுக்கு வந்த முன்னோருள் பலர் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினம் வழியாகக் கப்பலேறியவர்கள் என்பது ஒரு விடை. மற்றொரு விடை நம் வீட்டுக் குழாயிலேயே இருக்கிறது. மலாக்கா ஆற்றுக்கு நீர் தரும் கிளைகளுள் ஒன்று நெகிரி செம்பிலானின் தம்பினிலிருந்து வருகிறது. வடமேற்கே லிங்கி ஆறும் தென்கிழக்கே கெசாங் ஆறும் நம் மாநில எல்லையாகவே ஓடுகின்றன. மூவார் ஆறு நெகிரி செம்பிலானில் தோன்றி ஜொகூர் வழியாகக் கடலை அடைகிறது. அதன் நீரை ஜொகூர் மண்ணில் இறைத்து, டுரியான் துங்கால் அணைக்குக் கொண்டுவந்து நாம் குடிக்கிறோம். ஒரு மாநிலத்தில் பிறந்து, இன்னொரு மாநிலத்தில் ஓடி, மூன்றாவது மாநிலத்தின் குழாயில் வரும் நீரைக் குடிப்பவனுக்குக் காவிரி அயல்வீட்டுக் கதை ஆகாது.

1991-இல் அந்த டுரியான் துங்கால் அணை வறண்டது. தண்ணீர் லாரிக்கு வாளியும் தகரமும் ஏந்தி நின்றவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். அப்போது நான் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தேன். மேட்டில் ஒரு தொட்டி. அதிலிருந்து வரும் ஒரே குழாய் முதலில் மேட்டு லயத்துக்கும் பிறகு பள்ளத்து லயத்துக்கும் நீர் தந்தது. "நாளைக்குத் தண்ணி வராதாம்" என்று ஒருநாள் மாலை யாரோ சொன்னார்கள். அன்றிரவே மேட்டு லயத்தில் அண்டா, குண்டா, ரப்பர்பால் வாளிவரை நிரம்பிவிட்டன. பள்ளத்துக் குழாய் காற்றைத்தான் ஊதியது. மறுநாள் விடியுமுன் பள்ளத்தார் ஏறி வந்து மேட்டுக் குழாயடியில் வரிசை பிடித்தனர். அதைக் கண்ட மேட்டார் இன்னும் அதிகமாகப் பிடித்து வைத்தனர். தொட்டி பத்து மணிக்கே காலி. வீட்டுக்கு மூன்று வாளி என்று கிராணியார் விதி செய்தார்; நல்ல விதிதான். ஆனால் தொட்டி பாதியாக இருந்த நாளிலும் மேட்டு வீடுகளுக்கு மூன்று வாளி கிடைத்தது, பள்ளத்துக் கடைசி வீடுகளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பிறகு ஒரு கிழ மண்டோர் மூங்கில் கழியில் வெட்டு வெட்டாகக் குறியிட்டுத் தொட்டிக்குள் நிறுத்தினார். காலையில் இரு லயத்துக்கும் ஒவ்வோர் ஆள் ஏறிப் பார்த்து, இத்தனை வெட்டு என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்குத் தக்க வாளி. தண்ணீர் கூடவில்லை. கூச்சல் மட்டும் குறைந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் அடங்கிய உண்மையைத்தான் இக்கால அறிஞர் அமைப்பு நோக்கு என்கின்றனர். ஒரு பொருளைத் துண்டுதுண்டாக அறுத்து ஆராயாமல், அதன் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வாறு இயக்குகின்றன என்று முழுமையாக நோக்குவது அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் என்பவர் 1950-களின் பிற்பகுதியில் இதை ஒரு கணக்கு முறையாகவே வகுத்தார். அவ்வழியில் வந்த டொனெல்லா மெடோஸ் அம்மையார், 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் 1972-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியவருள் ஒருவர். அவர் மறைந்தபின் 2008-இல் வெளிவந்த நூலில் இம்முறையைப் பொதுமக்களுக்கும் விளங்க எழுதியிருக்கிறார். இம்முறைக்கு இன்றியமையாதவை நான்கு கருத்துகள்: இருப்பு, ஓட்டம், காலத்தாழ்வு, மீள்விளைவு. தொட்டி நீர் இருப்பு. குழாய் நீர் ஓட்டம். வறட்சி தொடங்குவதற்கும் அது தெரியவருவதற்கும் இடைப்பட்ட நாள் காலத்தாழ்வு. அஞ்சிச் சேமித்ததே பஞ்சத்தை வரவழைத்து, அந்தப் பஞ்சம் அச்சத்தை மேலும் வளர்த்தது மீள்விளைவு. (இதனைப் பின்னூட்டம் என்றும் சொல்வர். அச்சொல்லை வாசகர் கடிதம் என்னும் பொருளில் வழங்கி நம்மவர் மெலியச் செய்துவிட்டதால் நான் வேறு சொல் கொண்டேன்.)

இனிக் காவிரிக்கு வருவோம். 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த உடன்பாட்டின்படி, குறிப்பிட்ட ஆறுகளில் புதிய பாசன வேலை தொடங்க மைசூர் சென்னையின் இசைவைப் பெற வேண்டும். கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் முனைந்தபோது தகராறு எழுந்து, 1924-இல் இரண்டாம் உடன்படிக்கை பிறந்தது. இந்த உடன்படிக்கைகளைத் தமிழர் பலரும் பொன்னேட்டில் பொறித்தவை போலப் போற்றுகின்றனர். மைசூர் அன்று ஆங்கில மேலாண்மைக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானம். சென்னையோ ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணம். சமமற்ற இருவர் செய்த ஒப்பந்தம் என்று கன்னட மக்கள் குறைபடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் 1924 உடன்படிக்கையோடு இணைந்த ஒழுங்கு விதிகளில் ஒரு நுட்பம் இருந்தது. திருச்சிக்கு மேற்கே மேலணையில் உள்ள நீர் அளவுகோலைப் பார். அங்கே இன்ன மாதத்தில் இன்ன அளவு நீர் ஓடினால்தான் மேலே கிருஷ்ணராஜசாகரில் தேக்கலாம். அவ்விதி ஆண்டுக்கு இத்தனை பங்கு என்று அறுக்கவில்லை, ஓட்டத்தைப் பார்த்தது. நம் மண்டோரின் மூங்கில் கழியும் அதுதான்.

அந்த விதிகள் ஆளாத இடம் ஒன்று இருந்தது. பயன்படுத்தியவனுக்கே உரிமை என்பது நீர் வழக்குகளில் பொது வழக்கு. எனவே வழக்குமன்றம் போக நேரும் என்று அஞ்சும் ஒவ்வொரு மாநிலமும் இன்றே அதிக நிலத்தை நனைத்துவிட முயலும். நனைந்த நிலம் நாளைக்குச் சான்று. ஒருவர் ஏக்கரைப் பெருக்கினால் மற்றவர் அணையைக் கட்டுவார். கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் எழுந்த காலத்தையும் தமிழகத்தின் சாகுபடிப் பரப்பு விரிந்த காலத்தையும் இந்தக் கண்கொண்டு நோக்கினால், பேராசை என்று இருபுறமும் ஒருவரையொருவர் ஏசிய செயல்களுக்கு அந்த ஏற்பாடே காரணமாக இருந்தது புலனாகும். நல்ல மனிதரை அவ்விடத்தில் வைத்தாலும் அவர் அதையேதான் செய்திருப்பார்.

1990 ஜூன் 2-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்கால ஆணை வந்தது (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி). அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த வழக்கின் முடிவில் மன்றம் இவ்வாறு பங்கிட்டது: காவிரியின் மொத்த நீர் 740 டி.எம்.சி.; தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7; சுற்றுச்சூழலுக்கு 10; கடலுக்குத் தப்பிப் போவது 4. கர்நாடகம் எல்லையில் விடவேண்டிய நீர் 192 டி.எம்.சி. என்று மாதவாரியாக அட்டவணையும் தந்தது: ஜூனில் 10, ஜூலையில் 34, ஆகஸ்டில் 50, செப்டம்பரில் 40 என்று அது செல்லும்.

இங்கே 740 என்னும் எண்ணைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அது நூற்றுக்கு ஐம்பது நம்பகத்தன்மையில் கணித்த எண். இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டு அவ்வளவு நீர் வராது என்பதே அதன் நேர்ப்பொருள். மழை தவறினாலும் காவிரி தவறாது என்ற கருத்தோடு பட்டினப்பாலை தொடங்குவதை நாம் வகுப்பில் நடத்துகிறோம். புலவர் அதைச் சோழநாட்டில் நின்று சொன்னார். குடகில் பெய்யும் தென்மேற்கு மழை சோழநாட்டு வானத்தைக் கேட்பதில்லை ஆதலின், அவர் கூற்றில் வெறும் புகழ்ச்சியைவிட நில அறிவே மிகுதி. நடுவர் மன்றமோ காவிரி தவறும் என்று அறிந்தே 740 என்று எழுதியது. தவறும் ஆண்டில் என்ன செய்வது? பற்றாக்குறை ஆண்டில் பங்குகளை விகிதப்படி குறைத்துக்கொள்க என்று ஒரே விதி. பல தொகுதிகளாக நீண்ட தீர்ப்பில், தகராறு உண்மையிலேயே மூளும் ஆண்டுக்கு உரிய இடம் இவ்வளவே! நல்ல ஆண்டில் யாரும் வழக்காடுவதில்லை. ஆகவே வழக்கில்லாத ஆண்டுக்கு விரிவான அட்டவணையும், வழக்குள்ள ஆண்டுக்கு ஒரு வாக்கியமும் கிடைத்தன என்றால் அது மிகையன்று.

விகிதம் என்பது எதன் விகிதம், எந்நாளில் கணித்த விகிதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். குறுவை விதைப்பவன் அந்த வாரத்தில் முடிவு செய்ய வேண்டும். அவ்வாண்டு மழை எப்படி என்பது ஆகஸ்டுவரை தெரியாது. மேலே உள்ளவன் முதலில் தன் அணையை நிரப்பிக்கொண்டு பிறகு யோசிப்பான். நம் மேட்டு லயத்தாரும் அதையே செய்தனர். ஆண்டு முடிந்தபின் விகிதம் கணித்தால் சரியாக இருக்கும், ஆனால் அதற்குள் பயிர் கருகியிருக்கும்.

2023-ஐயும் 2024-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டு, இந்தியாவில் 1901 முதல் கண்ட ஆகஸ்டுகளுள் மிக வறண்டது. நாளொன்றுக்கு நொடிக்கு 5000 கன அடி வீதம் 15 நாள் விடுமாறு காவிரி மேலாண்மை ஆணையம் அம்மாத இறுதியில் பணித்தது. செப்டம்பர் 26-இல் பெங்களூரிலும் 29-இல் கர்நாடகம் முழுதும் கடையடைப்பு. மறு ஆண்டு ஜூலை நடுவில் நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி. விடச் சொன்ன ஆணையைக் கர்நாடகம் ஏற்கவில்லை. அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, நொடிக்கு 8000 கன அடிதான் என்றது. அடுத்த இரு வாரத்தில் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டியது. ஜூலை 30-இல் மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிரம்பி வழிந்தது, கொள்ளிடம் பெருக்கெடுத்தது. ஜூலை நடுவில் மறுக்கப்பட்ட நீர் ஜூலை முடிவில் வேண்டாமென்றாலும் வந்தது. பங்கு என்னும் சொல்லால் இந்த மூன்று வாரத்தை விளக்க முடியுமா? பாய்ச்சலையும் காலத்தாழ்வையும் கணக்கிட்டால்தான் முடியும்.

உச்ச நீதிமன்றம் 2018-இல் 192-ஐ 177.25 ஆக்கியது. குறைத்த 14.75-இல் 10 டி.எம்.சி. தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கருதி, 4.75 பெங்களூர் நகரின் குடிநீருக்கு. நிலத்தடி நீரையும் ஆற்றின் கணக்கில் கொண்டது ஒருவகையில் முன்னேற்றம். மண்ணுக்கு மேலும் கீழும் ஓடுவது ஒரே நீர்தான். ஆனால் சேர்த்த முறையில் எனக்கு உடன்பாடில்லை. கழிமுகத்து ஊற்று, வாய்க்காலில் ஓடிய நீர் மண்ணில் இறங்கிச் சேர்ந்ததே பெரும்பாலும். வாய்க்காலைச் சுருக்கிவிட்டு ஊற்றைக் கணக்கில் எழுதினால், இரண்டும் தனித்தனிக் குடங்கள் என்று கொண்டதாகிறது. பெங்களூர்க் கணக்கும் அப்படியே. நகரம் குடித்த நீர் மறைந்துபோவதில்லை. ஒரு பகுதி அழுக்காகி அர்க்காவதி வழியே மீண்டும் காவிரிக்கு வருகிறது, மற்றொரு பகுதி தென்பெண்ணைக்குப் போய்விடுகிறது.

நம் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். "வீணாகக் கடலில் கலக்கிறது" என்னும் தொடர் மேடையிலும் கட்டுரை ஏட்டிலும் நிலைத்துவிட்டது. நடுவர் மன்றமும் கடலுக்குத் தப்பிய நீர் என்றே எழுதியது. கழிமுகத்தை ஆக்கியதே கடல்வரை சென்ற வண்டல். ஆற்று நீரின் தள்ளல் குறைந்தால் கடல் உள்ளே வருகிறது. நாகைப் பக்கத்துக் கிணறுகளின் உவர்ப்பு அதைச் சொல்லும். மாணவன் அத்தொடரை எழுதினால் அதன் கீழ்ச் சிவப்புக் கோடு இடலாம்.

பங்கு போடும் மனப்பான்மை நடுவருக்கு மட்டும் உரியதன்று. சட்டத்திலேயே அது விதைக்கப்பட்டது. 1956-இல் இந்திய நாடாளுமன்றம் ஆறுகளுக்காக இரண்டு சட்டங்கள் இயற்றியது. ஒன்று, மாநிலங்களிடை ஆற்று நீர்த் தகராறுச் சட்டம்: சண்டை வந்தால் நடுவர் மன்றம் அமைப்பதற்கு. மற்றொன்று, ஆற்று வாரியச் சட்டம்: சண்டை வருமுன் ஆற்றைச் சேர்ந்து ஆராய்ந்து திட்டமிடுவதற்கு. முன்னதன்கீழ் கிருஷ்ணா, கோதாவரி, நருமதை, காவிரி என்று மன்றங்கள் வரிசையாக வந்தன. பின்னதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. வழக்காடுவதற்கு வீடு கட்டி, கலந்து பேசுவதற்குத் திண்ணை கட்டாமல் விட்டார்கள்.

திண்ணை கட்ட முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜனகராஜன் முதலியோர் முயற்சியால் இரு மாநில உழவர்களும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் ஒன்றுகூடினர். தஞ்சை உழவர் மண்டியாவுக்கும், மண்டியா உழவர் தஞ்சைக்கும் சென்று ஒருவர் வயலை ஒருவர் பார்த்தனர். வறட்சி ஆண்டுக்கு ஒரு பகிர்வு முறை காண்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. நடுவர் மன்றம் ஒரு வாக்கியத்தில் விட்ட அதே இடம். அரசுகள் அதற்கு உரிய மதிப்புத் தரவில்லை.

சேர்ந்து கணித்துச் சேர்ந்து முடிவு கண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பொட்டோமாக் ஆறு. வாஷிங்டன் நகரின் நீர்த்தேவைக்காக அவ்வாற்றில் 16 பெரிய அணைகள் கட்டவேண்டும் என்று 1963-இல் படைப் பொறியாளர் திட்டம் தந்தனர். மக்கள் எதிர்த்தனர். 1970-களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பால்மரும் அவர் தோழரும் அவ்வாற்றின் கணினி மாதிரி ஒன்றை அமைத்து, மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன் நீர் அதிகாரிகளை ஒரே அறையில் அமர்த்தி, பழைய வறட்சிகளை அவர்கள் கையாலேயே மீண்டும் நடத்திப் பார்க்கச் செய்தனர். தனித்தனியே இயங்கினால் தட்டுப்பாடு. அணைகளைச் சேர்த்து இயக்கினால், மிகச் சில அணைகளே போதும். பிறர் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள். 1982-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1999, 2002 வறட்சிகளில் அணைநீரைத் திறந்து சமாளித்தனர். அதைவிட எனக்குப் பிடித்தது, வறட்சி இல்லாத ஆண்டிலும் அவர்கள் நடத்தும் வறட்சி ஒத்திகை.

இதைக் காவிரிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. அங்கே பேசியவர்கள் ஒரே மாநகரின் சில நீர் நிறுவனத்தார். இங்கே லட்சக்கணக்கான உழவர், இரண்டு மொழி, தேர்தல். மேலும் மாதிரி அமைப்பவன் எதைக் கட்டத்துக்குள் எழுதுகிறானோ அதுதான் கணக்கில் வரும். நடுவர் மன்றம் ஏக்கரை எண்ணியது. பொட்டோமாக்கார் குழாய் நீரை எண்ணினர். நிலமற்ற கூலியாளுக்கு எந்தக் கட்டம்? மேட்டூர் திறக்காத ஆண்டில் உழவனுக்கு இழப்பீடு கிடைக்கலாம்; நடவுக்குப் போகிறவளுக்கு வேலையே இல்லை. நம் பாட்டன்மாருள் பலர் அந்த எண்ணப்படாத கூட்டத்திலிருந்துதான் கப்பலேறினர். அமைப்பு நோக்கு என்று பெயர் சூட்டிக்கொண்டு அவர்களை மறுபடியும் விட்டுவிட்டால், அது பழைய குற்றத்துக்குப் புதிய கணினி.

நம் நாட்டின் அரசமைப்பு இதில் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்பதாம் அட்டவணைப்படி, ஒரே மாநிலத்துக்குள் ஓடும் ஆறு மாநிலத்துக்கு உரியது. பல மாநில ஆறு கூட்டரசுப் பட்டியலைச் சேரும். ஆனால் தொடர்புடைய மாநிலங்கள் அனைத்தும் தமக்குள் ஒப்பந்தம் செய்து ஒழுங்குபடுத்தினால் அதற்கு விலக்கு. 2005 திருத்தத்தால் நீர் வழங்கல் பொதுப் பட்டியலுக்கு மாறிய பின்பும் ஆற்றைப் பற்றிய இவ்விதி நிற்கிறது. வழக்கைவிட ஒப்பந்தத்துக்கு முதலிடம் தரும் வாசகம் அது.

மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளும் அணை வேண்டும் என்கிறது கர்நாடகம். கூடாது என்கிறது தமிழகம். அதற்குரிய கேள்வியை இருவரும் ஒரே மாதிரியின்முன் அமர்ந்து கேட்கலாம்: அந்த அணை 2023-இல் இருந்திருந்தால் குறுவைக்கு என்ன நேர்ந்திருக்கும், 2024 ஜூலையில் என்ன நேர்ந்திருக்கும்? சராசரி ஆண்டில் என்ன என்று கேட்பதில் பயன் இல்லை.

மூவார் ஆற்றுக்கும் இதே கேள்வி உண்டு. நெகிரி செம்பிலான், ஜொகூர், மலாக்கா மூன்றும் ஒரே மாதத்தில் வாடினால் யாருடைய இறைபொறி முதலில் நிற்கும், எத்தனை வெட்டுக் குறியில் நிற்கும்? 1991-க்குப் பின் ஜுஸ் அணையும் எழுந்தது. ஆயினும் 2020 தொடக்கத்தில் மலாக்காவில் மீண்டும் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள்.